தோளில் ஒரு பை, கையில் டாய்ச்லாண்ட் டிக்கெட்: பெர்லினை முதல் முறை சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஜெர்மனிக்குப் படிக்க வந்து ஒரு வருடம் ஆகியும் பல்கலைக்கழகம், பகுதிநேர வேலை, அறை என்ற மூன்று இடங்களைத் தாண்டாத பிள்ளைகள் நம்மில் ஏராளம். கேட்டால் காசில்லை, மொழி தெரியாது, கூட வர ஆளில்லை என்பார்கள். மூன்றுமே உண்மையான கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெர்லின் விஷயத்தில் இந்த மூன்றும் தடையே இல்லை. அங்கே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி தெருவிலேயே இருக்கிறது, நுழைவுச்சீட்டு கிடையாது, விளக்கப் பலகைகள் பல இடங்களில் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, தனியாக நடப்பவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு வார இறுதிக்குள் ஊரையே முடித்துவிட வேண்டும் என்று மட்டும் கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பக்கம், அதுவும் முடிந்தவரை நடந்து. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்கில்தான் போகும்.

முதலில் போய்ச் சேரும் வழி

உங்கள் செமஸ்டர் கட்டணத்திலேயே டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர், வட்டார வண்டிகளில் செல்லும் மாத டிக்கெட்) சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் சேர்ந்திருக்கும். இல்லையென்றால் மாதச் சந்தாவாக வாங்கலாம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. ஒரு மாதம் போதும் என்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும், மறந்தால் அடுத்த மாதமும் பணம் போகும். இந்த டிக்கெட்டில் ஆர்.ஈ., ஆர்.பி. எனப்படும் வட்டார ரயில்கள், எஸ்-பான் (நகர ரயில்), யூ-பான் (சுரங்க ரயில்), டிராம், பேருந்து எல்லாவற்றிலும் ஏறலாம். ஐ.சி.ஈ., ஐ.சி. போன்ற விரைவு ரயில்களிலும் பிளிக்ஸ்ட்ரெயின் என்ற தனியார் ரயிலிலும் ஏறக் கூடாது.

மாக்டபர்க்கிலிருந்து ஆர்.ஈ.1 நேராகப் பெர்லினுக்கு வருகிறது. லைப்சிக், டிரெஸ்டன், ஹானோவர் என்றால் ரயில் மாறி மாறி வரலாம், அரை நாள் போகும், ஆனால் தனியாக டிக்கெட் செலவு இல்லை. மியூனிக், ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பவர்கள் வட்டார ரயிலில் வர நினைக்காதீர்கள், பகல் முழுக்க ரயிலிலேயே போய்விடும். அவர்களுக்கு இரவு பேருந்துதான் சரி. தொலைதூரப் பேருந்துகள் மேற்கே மெஸ்ஸெ நோர்ட் எஸ்-பான் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். எஸ்-பான் நிலையத்துக்கு நடந்து போய், ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடித்தால் ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கிளம்பும் முன் அந்த வார இறுதியில் பாதையில் பராமரிப்பு வேலை இருக்கிறதா என்று செயலியில் பாருங்கள். நிலையத்தில் எர்சாட்ஸ்-ஃபெர்கேர் என்று அறிவிப்பு வந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுகிறார்கள் என்று அர்த்தம், நேரம் கூடுதலாகும்.

படுக்க இடம்

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் வரைபடத்தைத் திறந்து, எஸ்-பான் வட்டப்பாதைக்கு உள்ளே அல்லது அதன்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரீட்ரிஷ்ஸ்ஹைன், குரொய்ட்ஸ்பெர்க், பிரென்ஸ்லாவர் பெர்க், மிட்டெ இந்த நான்கு பகுதிகளில் எதுவானாலும் நல்லது. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால், காலையும் மாலையும் பயணத்திலேயே நேரம் கரைந்து, களைப்பில் பாதி இடத்தை விட்டுவிடுவீர்கள். செப்டம்பர் கடைசியில் மாரத்தான் நடக்கும் வாரம், புத்தாண்டு, பெரிய கண்காட்சி நாட்கள் இவற்றில் அதே கட்டிலின் விலை தாறுமாறாக ஏறும். வாரநாளில் போக முடிந்தால் அதுதான் மலிவு.

கட்டில் விலைக்கு மேல் நகர வரி உண்டு, 2025 முதல் 7.5 சதவீதம். அதைச் சேர்த்த விலையா என்று முன்பதிவின்போதே பாருங்கள். பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டையும் கையில் இருக்கட்டும், விடுதியில் கேட்பார்கள், டிக்கெட் பரிசோதகரும் பெயரைச் சரிபார்க்க அடையாள அட்டை கேட்கலாம்.

பை சின்னதாக இருக்கட்டும். இரண்டு நாள் துணி, மெல்லிய துண்டு (பல விடுதிகளில் துண்டுக்குத் தனிக் காசு), லாக்கருக்குச் சொந்தப் பூட்டு, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க். பவர் பேங்க் ரொம்ப முக்கியம், ஏனென்றால் டிக்கெட் போனில் இருக்கிறது, போன் அணைந்தால் டிக்கெட்டும் இல்லை. பொது அறையில் எட்டுப் பேர் தூங்குவார்கள், பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தம் நடுராத்திரியில் எல்லோரையும் எழுப்பும், அதனால் காலையில் வேண்டியதை முந்தைய இரவே எடுத்து மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் போக்குவரத்து

நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் டிக்கெட் கேட்காமலே நடைமேடைக்குப் போய்விடலாம். அதை நம்பிச் சும்மா ஏறிவிடாதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள், மாட்டினால் 60 யூரோ. டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. இல்லாதவர்கள் ஏ, பி, சி என்ற மண்டலங்களைக் கவனிக்க வேண்டும்: ஊருக்குள் ஏபி போதும், விமான நிலையத்துக்கும் போட்ஸ்டாமுக்கும் சி சேர்க்க வேண்டும். இயந்திரத்தில் எடுக்கும் காகித டிக்கெட்டை நடைமேடையில் உள்ள சிறிய பெட்டியில் செருகி முத்திரை குத்தினால்தான் அது செல்லும். இதைத் தெரியாமல்தான் புதிதாக வருபவர்கள் நிறையப் பேர் அபராதம் கட்டுகிறார்கள்.

எஸ்41, எஸ்42 இரண்டும் வட்ட ரயில்கள். எஸ்41 கடிகாரம் சுற்றும் திசையில் போகும், எஸ்42 எதிர்த்திசையில். 37 கிலோமீட்டர், 27 நிலையம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வந்த அன்று உடம்பு அசந்திருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று வாருங்கள். கால்வாய், பழைய தொழிற்சாலை, அடுக்குமாடி, கைவிட்ட விமானத் தளம் எல்லாம் வரிசையாக வரும், ஊர் எவ்வளவு பரந்தது என்பது அப்போதுதான் பிடிபடும். வெள்ளி, சனி இரவுகளில் யூ-பான் விடிய விடிய ஓடும்.

முதல் நாள்: சுவர் இருந்த தெரு

பிராண்டன்பர்க் வாசலில் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. நான் நோர்ட்பான்ஹோஃப் எஸ்-பான் நிலையத்தில் தொடங்கச் சொல்வேன். படியேறி வெளியே ஓடாதீர்கள், நிலையத்துக்குள்ளேயே ஒரு கண்காட்சி இருக்கிறது. ஊர் பிரிந்திருந்த காலத்தில் மேற்கு பெர்லின் ரயில்கள் கிழக்குப் பகுதிக்கு அடியில் சுரங்கத்தில் போகும், ஆனால் இந்த நிலையத்தில் நிற்காது. மங்கலான வெளிச்சத்தில் ஆளில்லாத நடைமேடையும் காவலர்களும் மட்டும். நீங்கள் வந்து இறங்கிய அதே நடைமேடைதான்.

மேலே வந்தால் பெர்னாவர் தெரு. ஏறக்குறைய 1.4 கிலோமீட்டருக்குத் திறந்தவெளி நினைவிடம், கட்டணம் இல்லை. 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்தபோது இந்தத் தெருவில் வீடுகள் கிழக்கில், வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை மேற்கில். கதவைத் திறந்து கால் வைத்தால் வேறு உலகம். கதவுகளை ஆணியடித்து மூடியதும் மக்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். இடா சீக்மன் என்ற பெண்மணி ஆகஸ்ட் 22 அன்று, தன் 59ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், மெத்தைகளையும் சாமான்களையும் கீழே போட்டுவிட்டுத் தானும் குதித்தார், பிழைக்கவில்லை. சுவரில் நடந்த முதல் மரணம் அதுதான். அந்த வீடுகள் இப்போது இல்லை, அவை நின்ற இடத்தின் எல்லை மட்டும் தரையில் குறிக்கப்பட்டிருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் துருப்பிடித்த இரும்புச் சட்டத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக, சுவரில் உயிரிழந்தவர்களின் புகைப்படங்கள். பெர்லின் சுவரில் குறைந்தது 140 பேர் இறந்திருக்கிறார்கள். படங்களில் குழந்தை முகங்களும் உண்டு. இங்கே நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள், தயவுசெய்து நீங்கள் எடுக்காதீர்கள்.

தெருவின் எதிர்ப்பக்கம் தகவல் மையத்தின் கோபுரத்தில் ஏறினால், சுவர் என்று நாம் சொல்வது ஒற்றைச் சுவர் இல்லை என்பது புரியும்: முன்சுவர், பின்சுவர், நடுவில் காவல் கோபுரமும் வெறும் மணலும் உள்ள மரண வெளி. திங்கட்கிழமை கட்டிடம் மூடியிருக்கும், வெளிப்பகுதி எல்லா நாளும் திறந்திருக்கும். அப்படியே நடந்தால் 1964இல் 57 பேர் தப்பிய சுரங்கத்தின் வழி தரையில் குறிக்கப்பட்டிருப்பதையும் பார்க்கலாம். கடைசியில் மவுவர்பார்க் என்ற பூங்கா வரும். ஞாயிறு என்றால் அங்கே பழைய பொருள் சந்தை.

இதற்கு அரை நாள் கொடுங்கள். அப்புறம் ஊரின் வேறு இடங்களில் நடக்கும்போது, தார்ச்சாலையின் குறுக்கே இரண்டு வரிசைக் கருங்கல் பதித்து ஓடுவதையும், நடுவில் பெர்லினர் மவுவர் (பெர்லின் சுவர்) 1961–1989 என்று பொறித்த உலோகத் தகடையும் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். கார் அதன்மேல் ஓடும், சைக்கிள் ஓடும், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று ஒரு கணம் பார்ப்பீர்கள்.

மதியத்துக்கு மேல் ஃபிரீட்ரிஷ் தெரு நிலையம் போங்கள். பக்கத்திலேயே கண்ணாடிச் சுவர்களோடு ஒரு மண்டபம், டிரேனன்பலாஸ்ட். கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பிப் போகிறவர்களை உறவினர்கள் அழுது வழியனுப்பிய இடம். உள்ளே அனுமதி இலவசம், திங்கள் விடுமுறை. குறுகலான பாஸ்போர்ட் சோதனைக் கூண்டுக்குள் போய் நின்று பாருங்கள்.

நமக்கு இந்த நிலையத்தோடு வேறொரு தொடர்பும் உண்டு. 1980களின் நடுவில் இலங்கையில் போரிலிருந்து உயிர் தப்பிய தமிழர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, டிரான்சிட் விசாவில் இதே ஃபிரீட்ரிஷ் தெரு நிலையத்துக்கு வந்து, இங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்டார்கள். ஊருக்கு நடுவில் போன எல்லைக்கோட்டை மேற்குத் தரப்பு சர்வதேச எல்லையாக ஏற்கவில்லை, அதனால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் சோதனை இல்லை. அந்த ஒரு இடைவெளி எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்க்கை கொடுத்திருக்கிறது. மாணவர் விசாவோடு வந்து இறங்கிய நாம், ஒரு ஐந்து நிமிடமாவது அந்த நடைமேடையில் நின்றுவிட்டுப் போகலாம்.

இரண்டாம் நாள்: நடுப்பகுதி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இணையத்தில் நிறைய இருக்கிறது. பணம் கொடுத்துச் சுற்றுலாப் பேருந்தில் ஏற வேண்டாம். 100ஆம் எண் நகரப் பேருந்து உயிரியல் பூங்கா நிலையத்திலிருந்து அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரை, வெற்றித் தூண், நாடாளுமன்றம், உன்டர் டென் லிண்டன் சாலை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும். காலையிலேயே ஏறினால் மேல்மாடியில் முன்வரிசை கிடைக்கும்.

நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம் இலவசம், ஆனால் இணையத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், ரயில் நேரம் பார்க்கும் அன்றே இதையும் பதிந்துவிடுங்கள். அங்கிருந்து நடந்தால் பிராண்டன்பர்க் வாசல், அதைத் தாண்டி 2,711 கான்கிரீட் பாளங்கள் நிற்கும், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவிடம். ஓரத்தில் முழங்கால் உயரத்தில் தொடங்கும் பாளங்கள் உள்ளே போகப் போகத் தலைக்கு மேல் போய்விடும், தரையும் தாழும், தெருச் சத்தம் குறையும். அவற்றின்மேல் ஏறாதீர்கள், உட்காராதீர்கள்.

அருங்காட்சியகத் தீவில் பெர்காமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரிலிருந்து மூடிக் கிடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அருங்காட்சியகங்கள் இலவசம் என்று பழைய குறிப்புகளில் படிப்பீர்கள், அந்தத் திட்டம் 2024 முடிவோடு நின்றுவிட்டது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நொயெஸ் மியூசியம் போங்கள், எகிப்து ராணி நெஃபெர்டிட்டியின் சிலை அங்கேதான். பழைய எல்லைச் சோதனைச் சாவடியான செக்பாயிண்ட் சார்லியைத் தவிர்க்கலாம், அங்கே நிற்கும் காவல் கூடம் நகல். பக்கத்தில் உள்ள டோபோகிராஃபி டெஸ் டெரர்ஸ் என்ற கண்காட்சி இலவசம், நாஜிக் காவல்துறையின் தலைமையகம் இருந்த இடத்திலேயே அமைந்திருக்கிறது, அங்கே செலவழிக்கும் ஒரு மணி நேரத்துக்கு அர்த்தம் உண்டு.

நடக்கும்போது வீட்டு வாசல்களில் தரையைப் பாருங்கள். நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கும், அந்த வீட்டில் வாழ்ந்து நாஜிகளால் கொண்டுபோகப்பட்டவரின் பெயர், பிறந்த ஆண்டு, எங்கே கொல்லப்பட்டார் என்ற விவரத்தோடு. கலைஞர் குன்டர் டெம்னிக் 1990களில் தொடங்கியது. சில வாசல்களில் ஒரு குடும்பமே வரிசையாக இருக்கும், குனிந்துதான் படிக்க முடியும்.

மூன்றாம் நாள்: தெற்கே

செவ்வாய் அல்லது வெள்ளி என்றால் காலையில் யூ8இல் ஷோன்லைன் தெரு நிலையத்தில் இறங்கி, கால்வாய்க் கரையான மைபாகூஃபரில் துருக்கியச் சந்தைக்குப் போங்கள். கொத்தமல்லி, கத்தரிக்காய், ஆலிவ், சுடச்சுட கோஸ்லெமெ என்ற துருக்கிய ரொட்டி. மாலையில் கடை கட்டும் நேரத்தில் பழங்களைக் கூடையோடு மலிவாகக் கொடுப்பார்கள்.

அங்கிருந்து டெம்பல்ஹோஃப் மைதானம். 2008இல் மூடிய விமான நிலையத்தை 2010இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள், 300 ஹெக்டேருக்கும் மேல். 1948–49இல் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில் எல்லாவற்றையும் அடைத்தபோது உணவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கிய தளங்களில் இதுவும் ஒன்று. இங்கே வீடு கட்டலாமா என்று 2014இல் வாக்கெடுப்பு நடந்து, மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடுபாதையின் நடுவில் நடந்து பாருங்கள். வேறு எந்தப் பெரிய ஊரிலும் இவ்வளவு வானம் கிடைக்காது. பொழுது சாய்ந்ததும் கதவுகளைப் பூட்டுவார்கள், வாசலில் நேரம் எழுதியிருக்கும்.

ஹெர்மன்பிளாட்ஸிலிருந்து யூ7 பிடித்தால் பிளாஷ்கோஅலே நிலையம். பெர்லின் ஈழத் தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோவில் அங்கே நடந்து போகும் தூரத்தில். வெள்ளிக்கிழமை மாலை போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும், வீட்டை விட்டு வந்தவர்களுக்கு அதுவே பெரிய தெம்பு. அதே பகுதியில் கட்டிடக் கலைஞர் புரூனோ டவுட் வடிவமைத்த குதிரைலாட வடிவக் குடியிருப்பு இருக்கிறது, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மக்கள் குடியிருக்கும் இடம், வெளியே நின்று பார்த்துவிட்டு அமைதியாக வந்துவிடுங்கள்.

நாள் மிச்சமிருந்தால் வான்சே ஏரிக்குப் போய் எஃப்10 படகில் கிளாடோவுக்குப் போகலாம். இருபது நிமிடம் ஏரிப் பயணம், சாதாரண நகர டிக்கெட்டே செல்லும், டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் செல்லும்.

சாப்பாடு, தண்ணீர், காசு

விடுதியில் சமையலறை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பெரும்பாலும் முந்தி தங்கியவர்கள் விட்டுப்போன உப்பு, எண்ணெய், பாஸ்தா யாரும் எடுக்கும்படி ஒரு தட்டில் இருக்கும். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுபோனால் சோறு வடித்தால் போதும். கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பைக் குறைத்து வையுங்கள், புகை அலாரம் அடித்தால் விடுதி முழுக்க வெளியே வர வேண்டும், தீயணைப்பு வண்டி வந்தால் செலவை உங்களிடம் கேட்கவும் வாய்ப்புண்டு. வெளியே என்றால் டோனர், சைவர்களுக்கு ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை). சோனன்அலே தெருவில் அரபு கடைகள் வரிசையாக உண்டு, ஒரு ஃபலாஃபெல் ரோலில் வயிறு நிறைந்துவிடும்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேரும், சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்கலாம். வேண்டாம் என்றால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வையுங்கள், பாட்டில் பொறுக்கி வாழ்பவர்கள் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருக்காது. சில்லறையும் கொஞ்சம் நோட்டும் பையில் இருக்கட்டும், கழிவறைக்கும் சிறிய கடைகளுக்கும் தேவைப்படும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், அவசரமென்றால் ஹவுப்ட்பான்ஹோஃப் (மத்திய ரயில் நிலையம்) போன்ற பெரிய நிலையங்களுக்குள் உள்ள சூப்பர் மார்க்கெட், இல்லையென்றால் ஷ்பேட்டி எனப்படும், இரவிலும் திறந்திருக்கும் தெருமுனைக் கடை.

கவனம் தேவைப்படும் இடங்கள்

சிவப்புக் கல் பதித்த பாதை சைக்கிளுக்கு, அதில் நின்று வரைபடம் பார்க்காதீர்கள். அட்டையில் கையெழுத்துக் கேட்டு வருபவர்கள், தெருவில் மூன்று கிண்ணம் வைத்துப் பந்து எங்கே என்று பந்தயம் கட்டச் சொல்பவர்கள், இருவரிடமும் நிற்கவே வேண்டாம். சுற்றி ஜெயிப்பது போல் நிற்பவர்களும் அவர்கள் ஆட்கள்தான். கோட்புஸ்ஸர் டோர், கோர்லிட்ஸர் பூங்கா பக்கம் பகலில் போகலாம், இரவில் தனியாகச் சுற்ற வேண்டாம், போனையும் பர்ஸையும் முன்பையில் வையுங்கள். யாராவது நிறத்தை வைத்துச் சீண்டினால் பதில் பேசி நிரூபிக்கத் தேவையில்லை. ஆட்கள் இருக்கும் பெட்டிக்கு மாறுங்கள், மிரட்டல் என்றால் போலீஸ் எண் 110. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 112. பெண் பிள்ளைகள் தனியாகப் போவது இங்கே சாதாரணம், பெண்களுக்கு மட்டுமான அறை பல விடுதிகளில் உண்டு, தங்கும் முகவரியை நண்பர் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினால் போதும்.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம். முதல் முறை போக மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் வெளியே பார்க்க வேண்டியதையெல்லாம் காலையில் வைத்துக்கொண்டு, மண்டபங்களை மாலைக்குத் தள்ளுங்கள்.

திரும்பும் நாளில் கடைசி இணைப்பு ரயிலை நம்பாதீர்கள். ஞாயிறு மாலை வட்டார ரயில்களில் கால் வைக்க இடமிருக்காது, ஒரு ரயில் தாமதமானாலும் மாறும் நிலையத்தில் இரவு மாட்டிக்கொள்வீர்கள். மதியம் இரண்டு மூன்று மணிக்கே ஏறிவிடுங்கள். ரயில் புறப்படும் நிலையத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.